எல்லையோர வரலாற்று மாணவர் புத்தகம் சேர்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் வரலாறு படிப்பவருக்கு ஒரு தலைவலி உண்டு. ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஊரைப் பற்றிய காகிதங்கள் திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய நிலவரி, கோயில் கணக்கு, அரசு விளம்பரம் (அதாவது பிரகடனம்) எல்லாம் திருவிதாங்கூர் சர்க்காரின் காகிதங்கள். செங்கோட்டைக்காரர்களுக்கும் ஏறத்தாழ இதே கதைதான். தமிழக வரலாறு என்று பெயர் தாங்கிய நூல்களில் பெரும்பாலானவை ஆரல்வாய்மொழிக் கணவாயோடு நின்றுவிடுகின்றன. கேரள வரலாற்று நூல்கள் நெய்யாற்றின்கரை தாண்டி வரத் தயங்குகின்றன. நடுவில் கிடக்கிற நாம் இரண்டு பக்கமும் வாங்கிச் சேர்த்துத்தான் நம் ஊரைப் படித்தாக வேண்டும்.

கையில் காசு குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருக்கிற கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் கடைப்பிடிக்கும் கொள்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தடித்த நூல்களுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், மெல்லியவற்றுக்குச் செலவழியுங்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதல் படி: கேள்வியை வைத்துச் சேருங்கள்

'வரலாற்றுப் புத்தகங்கள் சேர்க்கிறேன்' என்று கிளம்பினால் அலமாரி நிறையும், தலையில் ஒன்றும் நிற்காது. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாஞ்சில் நாட்டு (தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதி) ஏரிப் பாசனத்தை யார் நிர்வகித்தார்கள்? 1859இல், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமை பற்றிய தோள்சீலைப் பிரச்சினையில், அரசு விளம்பரம் வெளியிட வேண்டிய நிலை எப்படி உருவானது? 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடக்கும் அளவுக்கு, தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட இணைப்புப் போராட்டம் எப்படி முற்றியது? இவற்றுள் ஒன்றே போதும். நீங்கள் வாங்க வேண்டியதும் வேண்டாததும் தானாகப் பிரிந்துவிடும். வேறு கேள்விக்கான நல்ல புத்தகம் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்குவீர்கள், எனக்குத் தெரியும். அதற்கென்று ஒரே ஒரு தட்டை ஒதுக்குங்கள். அது நிறைந்தால் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் அடுத்தது.

இரண்டாம் படி: தடித்தவற்றை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூலின் பதிப்புரிமை முடிந்துவிடும். நம் பகுதிக்கு அடிப்படையான பல நூல்கள் அந்த எல்லையைக் கடந்தவை: பி. சங்குண்ணி மேனன் 1878இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாறு, வி. நாகம் ஐயாவின் மூன்று தொகுதி திருவிதாங்கூர் ஸ்டேட் மேனுவல் என்ற அரசு விவரநூல் (1906), கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு (1881), சாமுவேல் மெட்டீர் என்ற பாதிரியார் 1871இலும் 1883இலும் எழுதிய இரண்டு நூல்கள், எச்.ஆர். பேட் தொகுத்த திருநெல்வேலி கெசட்டியர் (1917). இவற்றின் ஒளிப்படிகளை இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் தேடுங்கள். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதல் இடம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் அங்கே நிறைய இருக்கின்றன. 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டத்தில் இலக்கியங்கள் தட்டச்சு வடிவில் கிடைக்கும். சொல் தேடலுக்கு அது வசதி.

திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகளையும் மறக்காமல் இறக்கி வையுங்கள். து.அ. கோபிநாதராவ் தொடங்கிவைத்த அந்த வரிசையில் பார்த்திவசேகரபுரம் செப்பேடு முதல் நம் ஊர்க் கோயில் சுவர்கள் வரை பல சாசனங்கள் மூலத்தோடு அச்சாகியுள்ளன. தமிழ்நாடு தொல்லியல் துறை தொகுதிகளாக வெளியிட்ட கன்னியாகுமரிக் கல்வெட்டுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒளிப்படியில் படிப்பது கண்ணைக் கெடுக்கிறது என்பவர்கள், தேவையான அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்துச் சுருள் கம்பி போட்டுக்கொள்ளலாம். நாகம் ஐயாவின் நூலையும், டி.கே. வேலுப்பிள்ளை 1940இல் நான்கு தொகுதிகளாகத் தந்த மேனுவலையும் கேரள அரசின் கெசட்டியர் துறை பிற்பாடு மறுபதிப்புச் செய்திருக்கிறது. வேலுப்பிள்ளையின் தொகுதிகளில் மூல ஆவணங்களைக் கொண்ட பகுதி கையில் கிடைத்தால் அதை மட்டும் விலை கொடுத்து வாங்குங்கள். தடித்த நூலுக்கு நான் தரும் ஒரே விலக்கு அது.

மூன்றாம் படி: மலையாள எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்

விளவங்கோட்டுக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு இது தப்பிக்க முடியாத படி. பேசினால் புரிகிறது, எழுத்துதான் தெரியாது என்பவர்களே நம்மில் அதிகம். பஸ் பெயர்ப்பலகை, சினிமா சுவரொட்டி, தேநீர்க் கடைப் பத்திரிகை என்று தொடங்கினால் எழுத்துகள் சீக்கிரமே பிடிபடும். கூட்டெழுத்துகள்தான் கொஞ்சம் படுத்தும். எழுத்து வந்துவிட்டால் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை போன்றவர்களின் மலையாளக் கட்டுரைகளையும், கேரள பாஷா இன்ஸ்டிட்யூட்டின் மலிவுப் பதிப்புகளையும் நேரடியாகப் படிக்கலாம். இணைப்புப் போராட்டம் பற்றித் தமிழில் மட்டும் படிப்பவர் பாதி வழக்கையே கேட்கிறார். எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்பது மலையாளப் பத்திரிகைகளில் இருக்கிறது.

நான்காம் படி: வாங்கப் போகும் இடங்கள்

புதிய நூல்களுக்கு நாகர்கோவிலே போதும். காலச்சுவடு பதிப்பகம் இங்கிருந்துதான் நடக்கிறது. அ.கா. பெருமாளைப் போல நாஞ்சில் நாட்டின் ஓலைகளையும் வாய்மொழிக் கதைகளையும் கோயில் வழக்கங்களையும் தேடி எழுதியவர்களின் நூல்களைப் புதிதாகவே வாங்குங்கள். இவற்றின் பழைய பிரதிகள் கைமாறுவதே அரிது. புத்தகக் கண்காட்சியின் கடைசி நாள் மாலையில் போனால் அட்டை கசங்கிய பிரதிகளை விலை குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு.

பழைய நூல்களுக்குத் திருவனந்தபுரம் போய்வர ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பாளையம் பகுதியின் பழைய புத்தகக் கடைகளில் பெரும்பகுதி போட்டித் தேர்வுக் கையேடுகளும் பொறியியல் பாடநூல்களும்தான். தமிழ் நூல்கள் இருந்தால் அடியில், கட்டோடு கிடக்கும். தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். பழைய கட்டுகளைப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

இனி மெல்லியவற்றுக்கு வருகிறேன். கோயில் தலபுராணம், குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், சபை அறிக்கை, சாதிச் சங்க மாநாட்டு வரவேற்புரை, தேர்தல் துண்டுப் பிரசுரம், வில்லுப்பாட்டுச் சிறு நூல், கூட்டுறவு வங்கி ஆண்டறிக்கை. 16 பக்கம், 32 பக்கம், ஒற்றைக் கம்பி தைத்தவை. பல்கலைக்கழக நூலகங்கள் இவற்றைத் தேடி வாங்குவது அரிது. ஒளிப்படி எடுப்பவர்களும் குறைவு. நாகம் ஐயாவின் மேனுவல் எரிந்தாலும் உலகில் வேறு பிரதி இருக்கும். உங்கள் ஊர் ஏரிப் பாசன சங்கத்தின் 1938ஆம் ஆண்டு அறிக்கைக்கு உங்கள் கையில் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். ஒரு குடமுழுக்கு மலரின் கடைசிப் பக்கத்து நன்கொடையாளர் பட்டியலை மட்டும் கவனமாகப் பாருங்கள்: எந்தத் தெரு, எந்த வீடு, எவ்வளவு தொகை, யார் கொழும்பில் இருந்து அனுப்பினார், யார் மலேயாவிலிருந்து அனுப்பினார் என்று ஊரின் அரை நூற்றாண்டுப் பொருளாதாரமே அதில் இருக்கும். பேராசிரியர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இவை கடைகளில் கிடைப்பதில்லை. பழைய பேப்பர்க் கடைகள், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆக்ரிக் கடைகள், இவற்றில் கிடைக்கும். அதைவிட நல்ல வழி, ஓய்வு பெற்ற ஆசிரியர்களின் வீடுகள். வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் உடனே போங்கள். "அண்ணாச்சி, பழைய காகிதம் ஏதாவது எடைக்குப் போடுவதாக இருந்தால் அதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எடைக்குப் போடும் விலையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுங்கள். குடும்பக் கடிதங்களும் சொத்துப் பத்திரங்களும் கட்டில் இருந்தால் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அவர்களே கூப்பிடுவார்கள்.

நூலக முத்திரை இருந்து, நீக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாத புத்தகத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது யாரோ தூக்கி வந்தது.

ஐந்தாம் படி: ஆண்டு போடாத புத்தகத்தின் வயதைக் கண்டுபிடியுங்கள்

இந்த வேலையில் எனக்குப் பிடித்த படி இது. மெல்லிய நூல்களில் பாதிக்கு ஆண்டே இருக்காது. இருந்தாலும் ஆங்கில ஆண்டாக இருக்காது.

முதலில் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு. நம் பக்கத்தில் அது ஆவணியில், மலையாளக் கணக்கில் சிங்க மாதத்தில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் கொல்லம் ஆண்டோடு 824ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825. எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்த கோயில் நுழைவு விளம்பரம் 1112 துலாம் 27. துலாம் நமக்கு ஐப்பசி, ஆகவே 824ஐக் கூட்டினால் 1936. கிழவர்கள் இன்றும் பேசுகிற தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் 1099 கர்க்கடகத்தில், அதாவது ஆடியில் வந்தது; 825ஐக் கூட்ட 1924. மாதம் தெரியாவிட்டால் 1099ஐ 1923-24 என்பதைப் போல இரட்டை ஆண்டாக எழுதி வையுங்கள், ஊகித்து ஒற்றையாக்காதீர்கள்.

அடுத்து, அறுபது வருடச் சுழற்சி. 'தாது வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். முன்னது பெரும் பஞ்ச காலம், பின்னது கோயில் நுழைவு காலம். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் ஆய்வே திசை மாறிவிடும். தாள், எழுத்து, விலை ஆகியவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விலை நல்ல சாட்சி. சக்கரம் என்ற நாணயத்தில் போட்டிருந்தால் திருவிதாங்கூர் காலத்து நூல். அங்கே 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. அணாவில் இருந்தால் பெரும்பாலும் எல்லைக்கு வெளியே அச்சானது, அல்லது வெளியே விற்க நினைத்தது. 'ந.பை.' என்று இருந்தால் வேலை சுலபம்: நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது, 1964இல் 'நயா' உதிர்ந்துவிட்டது.

முகவரியும் பேசும். 'திரு-கொச்சி' என்று இருந்தால் 1949 ஜூலைக்கும் 1956 அக்டோபருக்கும் இடையில். 'சென்னை மாநிலம், கன்னியாகுமரி மாவட்டம்' என்றால் 1956க்குப் பின், 1969 ஜனவரிக்கு முன். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். எழுத்து வடிவத்தையும் பாருங்கள்: ணை, லை, றா, னா போன்றவற்றின் பழைய கொம்பு வடிவங்கள் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சிறு அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளைத் தேயும் வரை ஓட்டின. இதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத வேண்டாம்.

நூல் தோன்றிய காலமும் அச்சான காலமும் வேறு வேறு என்பதையும் பதிவில் பிரித்துக் காட்டுங்கள். அய்யாவழியினரின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை 1841இல் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. அச்சில் வந்தது 1939இல்.

ஆறாம் படி: ஒரே நிகழ்ச்சியை எதிரெதிர் நூல்களில் படியுங்கள்

பழகுவதற்குக் குளச்சல் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1741 ஆகஸ்ட் 10 அன்று திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. திருவிதாங்கூரின் திவான் பேஷ்காராக, அதாவது திவானுக்கு அடுத்த நிலை அதிகாரியாக இருந்த சங்குண்ணி மேனனின் விவரிப்பை முதலில் படியுங்கள். அரண்மனைப் பார்வை எப்படி இருக்கும் என்று தெரியும். பிறகு ஏ. கல்லெட்டி 1911இல் சென்னையில் வெளியிட்ட டச்சு ஆவணத் தொகுப்பைப் பாருங்கள்; கம்பெனிக் கணக்குப்பிள்ளையின் குரல் அதில் கேட்கும். மூன்றாவதாக, டச்சு ஆவணங்களிலிருந்து மார்க் டி லனாய் 1997இல் எழுதிய திருவிதாங்கூர் ஆய்வு. நான்காவது நூல் இல்லை. குளச்சல் கடற்கரைக்குப் போய் மீனவர் வீடுகளில் என்ன கதை சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். திரும்பும் வழியில் உதயகிரிக் கோட்டைக்குள், டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து சிறைப்பட்டுத் திருவிதாங்கூர்ப் படைத்தலைவராக முடிந்து 1777இல் இறந்த யூஸ்டேஷியஸ் டிலனாயின் கல்லறை இருக்கிறது. படைத்தலைவராக அவர் ஆற்றிய பணி அங்கே லத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதையும் படியுங்கள், அதுவும் ஒரு பதிப்புதான்.

படிக்கும்போது பென்சில் மட்டும். ஓரத்தில் நீளமாக எழுதாமல் பக்க எண்ணோடு தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடிக்குறிப்புகளைத் துரத்துங்கள், உங்கள் அடுத்த பத்துப் புத்தகங்களின் பட்டியல் அங்கேதான் இருக்கும். ஒரே தகவலை மூன்று நூல்கள் சொல்கின்றன என்று மகிழ்வதற்கு முன், மூன்றும் ஒரே பழைய நூலைப் பார்த்து எழுதியவையா என்று சோதியுங்கள். நம் பகுதி நூல்களில் இந்தப் படியெடுப்பு தாராளமாக நடந்திருக்கிறது.

இலக்கியத்தையும் இந்த அலமாரியில் சேருங்கள். சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும் முறையைப் பாடும் தேரூர்க் கவிமணியின் மருமக்கள் வழி மான்மியம் கிண்டல் கவிதை என்று பாடம் நடத்துவார்கள். அதை 1926இன் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டத்தோடு சேர்த்துப் படித்தால் சொத்துரிமை வழக்கறிஞரின் வாதம் போல இருக்கும். மனோன்மணீயம் எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை கல்வெட்டுகளைத் தேடிப் படித்து வேணாட்டு (திருவிதாங்கூரின் முன்னோடி நாடு) அரசர்களின் காலத்தைக் கணக்கிட்டவர் என்பதும், சுசீந்திரம் கோயிலைப் பற்றி 1953இல் கே.கே. பிள்ளை எழுதிய ஆய்வு இன்றும் ஒரு கோயிலை எப்படி ஆராய்வது என்பதற்கு மாதிரி என்பதும் நம் வகுப்பறைகளில் போதுமான அளவு சொல்லப்படுவதில்லை.

ஏழாம் படி: பதிவேடு

ஒரு நோட்டு, அல்லது கணினியில் ஓர் அட்டவணை. ஆசிரியர், தலைப்பு, அச்சகம், ஆண்டு, எங்கே யாரிடம் வாங்கியது, என்ன விலை, உள்ளே முந்தைய உரிமையாளரின் பெயரோ முத்திரையோ உண்டா. கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒரே பெயர் நான்கு புத்தகங்களில் வந்தால், சிதறிப்போன ஒரு வீட்டு நூலகத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

எட்டாம் படி: மழைக்கும் பூச்சிக்கும் நடுவில் காப்பாற்றுங்கள்

நமக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. ஆண்டில் பாதி நாள் காற்றில் ஈரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வந்த மரக்கூழ்த் தாளில் அமிலம் இருப்பதால் அது தானாகவே பழுத்து நொறுங்கும். ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். அலமாரியைச் சாரல் அடிக்கும் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கால்களைக் கரையான் ஏறாதபடி தரையிலிருந்து உயர்த்துங்கள். இரும்பு பீரோவுக்குள் காற்று தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். மழையில்லாத நாளில் திறந்து வையுங்கள், உள்ளே சிலிக்கா ஜெல் பைகள் போடுங்கள்.

புதிதாக வந்த பழைய புத்தகத்தை நேராக அலமாரியில் ஏற்றாதீர்கள். தனிப் பெட்டியில் சில வாரங்கள் வைத்து, மாவு போன்ற தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். பூச்சி இருந்தால் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி ஃப்ரீசரில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்து, உறையைத் திறக்காமலே வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். வீட்டில் மீன் வைக்கும் ஃப்ரீசர்தான் என்றால் அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இராமபாணப் பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் துணியில் முடிந்து வைப்பது நம் வழக்கம். இலை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே ஈரம் சேர்க்கும்.

வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் விரித்து விசிறிக் காற்றுக் கொடுங்கள். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டுவது கொலைக்குச் சமம்: சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும், அதுவும் சிறிதளவே. துருப்பிடித்த கம்பிகளைக் கவனமாக நீக்கி நூலால் தைத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: ஓலைகளும் ஆவணக் காப்பகமும்

வீடுகளில் ஓலைக்கட்டு தென்பட்டால் விலை பேசாதீர்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிகள் 75 ஆண்டைத் தாண்டினாலே தொல்பொருள்கள். எண்ணெய் பூசவோ பிரிக்கவோ முயலாமல், உரிமையாளரின் சம்மதத்தோடு இரு பக்கமும் படமெடுத்து, அறிந்தவர்களிடம் காட்டுங்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் வெளிச்சத்துக்கு வந்ததால்தான் நாஞ்சில் நாட்டின் பல நூற்றாண்டு நிர்வாகம் பற்றி இன்று பேச முடிகிறது.

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் (கோயில் கணக்கு, நிர்வாக ஓலைகள்) சுருணை சுருணையாக, அதாவது சுருட்டிய கட்டுகளாக இருக்கின்றன. காரியவட்டத்தில் பல்கலைக்கழகச் சுவடி நூலகம் இருக்கிறது. 1829இல் தொடங்கிய பொது நூலகமும் அந்த நகரத்தில்தான். துறைத்தலைவரின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை நகல், ஆய்வுப் பொருள் பற்றி ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றோடு போங்கள். குறிப்பிட்ட கட்டு எண்ணைச் சொல்லிக் கேட்பவருக்கும் 'நாஞ்சில் நாடு பற்றி ஏதாவது' என்று கேட்பவருக்கும் கிடைக்கிற மரியாதை வேறு வேறு. அந்த எண்கள் வேலுப்பிள்ளை போன்றவர்களின் அடிக்குறிப்புகளில் இருக்கின்றன. தமிழின் பழைய வரிவடிவமான வட்டெழுத்து இப்பகுதியில் நெடுங்காலம் நீடித்தது. முழுவதும் படிக்க வராவிட்டாலும் எண்களையும் மாதப் பெயர்களையும் அடையாளம் காணும் அளவுக்கு எழுதிப் பழகிவிட்டுப் போங்கள்.

பத்தாம் படி: படமெடுத்துப் பகிர்வதும் பிறகு ஒப்படைப்பதும்

உங்களிடம் உள்ள மெல்லிய நூல்களில் பதிப்புரிமை முடிந்தவற்றைக் கைப்பேசியிலேயே படமெடுக்கலாம். பகல் வெளிச்சம், கீழே கறுப்புத் துணி, பக்கத்தில் ஓர் அளவுகோல். முன்னட்டை, பின்னட்டை, விளம்பரப் பக்கங்கள், வெற்றுப் பக்கங்கள் எதையும் விடாதீர்கள். கோப்புக்குத் தலைப்பும் ஆண்டும் ஊரும் வைத்துப் பெயரிட்டு இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் ஏற்றிவிடுங்கள். உரிமை முடியாததைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, யாராவது கேட்டால் மூலத்தைக் காட்டுங்கள்.

இரவல் கொடுப்பதானால் ஒளிப்படி இருக்கிற புத்தகத்தை மட்டும் கொடுங்கள், நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களை, அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. எல்லாருக்கும் சிகாகோ வராது. எந்தக் கல்லூரிக்கு, எந்த நூலகத்துக்குப் போக வேண்டும் என்று பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்த நூலகரிடம் மெல்லிய நூல்களை எடுத்துக்கொள்வார்களா, தனித் தட்டில் வைப்பார்களா என்று கேட்டு, ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.